பௌர்ணமியன்று எதிர்த்திசையில்

தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பெண்கள் நின்றோம். அந்தப் பக்கம் ஜே ஜே என்று கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையின் ஓரம். ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் இன்னும் ஏறவில்லை. மலையைப் பார்த்து நின்றால் கூட்டம் வலது கைப்பக்கமிருந்து இடது கைப்பக்கம் போகிறது. நாங்கள் போகவேண்டிய பள்ளிக்கூடமோ வலது கைப்பக்கம், செங்கம் ரோட்டுக்கு அருகில் இருக்கிறது. அங்கேதான் கோமதிக்கு அரசு வேலைக்கான பரீட்சை. ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் அழுதாலும் புரண்டாலும் உள்ளே விடமாட்டார்கள்.

கோமதி என்னோடு கல்லூரியில் படித்தவள். இப்போது அடி அண்ணாமலையில் நாலு மாடுகளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் எஜமானி. அவளுக்கு அடுத்து நின்றவள் நஸ்ரீன். வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். எங்கள் இருவரையும்விட வயதில் சின்னவள், வாயில் பெரியவள்.

பாதை ஓரத்துக்கு வந்ததும் கோமதி செருப்பைக் கழற்றிவிட்டாள். யோசித்துச் செய்யவில்லை. பௌர்ணமியன்று அந்தத் தாரில் ஏறும்போது எங்கள் ஊர்க்காரர்களின் கால் தானாகவே செய்துவிடுகிற காரியம் அது. வெறுங்காலோடு நின்று கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு மலையைப் பார்த்தாள்.

"நான் போவலடி," என்றாள். "எதிர்ல நடந்து போயி எழுதற பரீட்சை எனக்கு வேணாம்."

எனக்கு வந்ததே கோபம்! ஒரு மாதம் தொண்டை வரள வரளப் படித்துக் காட்டியவள் நான். அந்த மாதம் எப்படிப் போனது என்று சொன்னால்தான் என் கோபத்தில் நியாயம் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் மாதம்

எங்கள் ஊரில் மாதம் ஒன்றாம் தேதி பிறப்பதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் மாதம். லாட்ஜ்காரருக்கும் பூக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் அதுதான் கணக்கு. 'போன பௌர்ணமிக்கு எடுத்த புடவை' என்போம். 'இந்தப் பௌர்ணமி தாண்டட்டும், பார்த்துக்கலாம்' என்போம். நான் திட்டம் போடுவதும் அப்படித்தான்.

அந்த மாதத்துக்கு மூன்று திட்டங்கள் வைத்திருந்தேன். நூலகத்திலிருந்து எடுத்து வந்து, தலைமாட்டில் கிடக்கிற தலையணை கனமுள்ள நாவலைப் படித்து முடிப்பது. வார இதழில் நான் எழுதும் இந்தத் தொடருக்கு நாலு அத்தியாயங்களை முன்கூட்டியே எழுதி வைப்பது. கடையில் யாரோடும் சண்டை போடாமல் இருப்பது.

மூன்றாவது திட்டம் முதல் திங்கட்கிழமையே கவிழ்ந்தது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். மாவட்டத்தின் அத்தனை குறைகளும் முதலில் எங்கள் கடை வாசலில் வந்துதான் வரிசையில் நிற்கும். அன்றைக்கு ஒருவர் வாய்க்கால் ஆக்கிரமிப்பு பற்றிய மனுவை எதுகை மோனையோடு பாட்டாக எழுதிக்கொண்டு வந்தார். அப்படியே டைப் அடிக்க வேண்டுமாம். "ஐயா, படிக்கிறவங்க கை தட்டிட்டு வாய்க்காலை மறந்துடுவாங்க," என்றேன். மனிதருக்குக் கோபம். எனக்கு அதைவிடக் கோபம். பின்னால் நின்றவர்கள்தான் விலக்கிவிட்டார்கள். கடைசியில் பாட்டை ஒரு தாளிலும் மனுவை ஒரு தாளிலும் அடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தக் களேபரம் அடங்கியபோதுதான் வரிசையின் கடைசியில் கோமதி நிற்பதைப் பார்த்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவள்போல நின்றாள்.

ஓசூர்

"தையில ஓசூர் போறோம்டி," என்றாள், நான் கொடுத்த டீயைக் கையில் வாங்கிக்கொண்டே.

அவள் கணவர் ஏழுமலைக்கு ஓசூரில் ஓர் அண்ணன் இருக்கிறார். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறார். தம்பிக்கு அங்கே வாட்ச்மேன் வேலை, கோமதிக்கு நாலு வீட்டில் சமையல் வேலை, தங்குவதற்கு ஓர் அறை என்று பேசி முடித்துவிட்டார். மாடுகளை விற்றுவிட வேண்டியது.

"நீ என்ன சொன்ன?"

"இந்தப் பரீட்சை எழுதிட்டுப் பார்க்கலாம்னேன். தேறினா இங்கயே இருக்கலாம். இல்லன்னா மூட்டை கட்டலாம். இதான் கடைசின்னு நானே சொல்லிட்டேன்."

கல்லூரியில் எங்கள் வரலாற்று வகுப்பில் முதலில் வந்தவள் கோமதி. நான் தேறியதே அவள் எழுதிவைத்த குறிப்புகளைப் படித்துத்தான். கல்யாணத்துக்குப் பிறகும் விடாமல் தேர்வுகள் எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று. அவள் ஓசூரில் நாலு வீட்டுக்கு ரசம் வைக்கப் போகிறாள் என்று கேட்டபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. சமையல் வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. அவள் விருப்பப்பட்டுப் போகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் போய்விட்டால் இந்த ஊரில் நான் மனம்விட்டுத் திட்ட ஆளில்லை.

"படிச்சிட்டியா?"

"எங்கடி படிக்கறது? கை ரெண்டும் காலியா இருந்தாதான புக்கைப் புடிக்கலாம். பால் கறக்கணும், தீவனம் அறுக்கணும், சாணி அள்ளணும். ராத்திரி புக்கைத் தொறந்தா கண்ணு தானா மூடிக்குது."

பக்கத்துக் கடையிலிருந்து நஸ்ரீன் எட்டிப் பார்த்தாள். எங்கள் பேச்சை ஒட்டுக்கேட்பது அவளுக்குப் பொழுதுபோக்கு.

"கைதானக்கா காலி இல்ல? காது சும்மாதான இருக்குது?" என்றாள்.

காது வழிப் படிப்பு

மறுநாள் விடியற்காலையில் ஆரம்பித்தேன். வீட்டில் மற்றவர்கள் எழுந்திருப்பதற்கு முன், சமையலறையில் நின்றபடி பாடப்புத்தகத்தை சத்தமாகப் படித்து, போனில் பதிவு செய்து, துண்டு துண்டாக வாட்ஸப்பில் அனுப்பினேன். அங்கே கோமதி இயர்போனைக் காதில் சொருகி, அதன்மேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு பால் கறப்பாள். அரசியலமைப்பு, ஐந்தாண்டுத் திட்டங்கள், பல்லவர் காலம், பரப்பளவுக் கணக்கு என்று எல்லாம் அவள் காதில் இறங்கியது.

என் வீட்டுச் சத்தமும் கூடவே போயிற்று. குக்கர் விசில், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், தெருவில் கீரைக்காரம்மாவின் குரல். முதலில் அவற்றை நீக்கிவிட்டு அனுப்பப் பார்த்தேன். அதற்கெல்லாம் நேரம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கோமதி வீட்டில் ஒரு குழப்பம். மனைவி காலை நேரத்தில் யாரிடமோ 'ஊம்' கொட்டிக்கொண்டிருப்பது ஏழுமலைக்குப் புரியவில்லை. ஒருநாள் கேட்டே விட்டார். கோமதி காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கி, போனைக் கொட்டகைத் தூணில் மாட்டி, சத்தமாக வைத்தாள். ஆளுநரின் அதிகாரங்கள் கொட்டகை முழுக்கக் கேட்டன. அன்று முதல் அவரும் மாணவர்.

அதற்கடுத்த நாள் எனக்கு அவரிடமிருந்தே போன். "இன்னாக்கா, கவர்னரை இப்படி நட்டாத்துல வுட்டுட்டுப் போய்ட்டீங்க? அவரை யாரு நீக்கறதுன்னு சொல்லவே இல்லியே?"

"நாளைக்கு வரும் ஏழுமலை."

"நாளைக்கா? சரி, கொஞ்சம் ஜாஸ்தியாவே படிச்சி அனுப்புங்க. தீவனம் வெட்டற வேலை இருக்குது."

நஸ்ரீன் மத்தியானத்தில் கேள்வி கேட்பவள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டு, கோமதியைக் கேள்விகளால் துளைப்பாள். ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பெண்கள்கூடப் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். "இப்படியே போனா எனக்கே வேலை கெடச்சுடும்க்கா," என்றாள் நஸ்ரீன். "அப்புறம் ஜாக்கெட்டெல்லாம் நீதான் தைக்கணும்."

என் நாவல்? அது தலைமாட்டிலேயே கிடந்தது. பைக்குள் வைத்துக் கடைக்குக் கொண்டுபோவேன், கொண்டுவருவேன். தோள் வலித்ததுதான் மிச்சம். எழுத்து? வார இதழின் ஆசிரியர், 'அத்தியாயங்கள் இளைத்துக்கொண்டே வருகின்றனவே, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா?' என்று விசாரித்து ஒரு செய்தி அனுப்பினார். உடம்புக்கு ஒன்றும் இல்லை ஐயா. பல்லவர்களும் ஆளுநரும் என் வார்த்தைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு வட்டியும் முதலுமாகத்தான் இந்த அத்தியாயம்.

முதல் வாரம் எனக்கு எரிச்சல் இருந்தது. என் காலைப்பொழுது என்பது நான் எழுதுகிற நேரம். அதை வேறு யாருக்கும் தந்ததில்லை. இரண்டாவது வாரத்தில் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. இவளைத் தேற வைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஒரு வைராக்கியம் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு வைராக்கியம் வந்தால் வீட்டில் எல்லோரும் தள்ளி நின்றுகொள்வார்கள்.

சத்தமில்லாத தாள்

மாதம் பாதி தாண்டியபோது, டவுனில் ஒரு பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு நடத்தினார்கள். கோமதி போய் எழுதிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு என் செய்திகள் கேட்கப்படாமலே கிடந்தன. அன்றைக்கும் மறுநாளும் அப்படியே. போனையும் எடுக்கவில்லை.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். கோமதி மாடு கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கழுவுவதை நிறுத்தவில்லை.

"பாதிகூட வரலடி. காதுல வாங்கினது சாணியோட சாணியா போயிடுது. வுட்டுடு. உனக்கும் ஆயிரம் வேலை."

"ஆளுநரை நியமிக்கறது யாரு?"

"இன்னாடி இப்ப?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"குடியரசுத் தலைவர். மோட்டார் ஓடிக்கினு இருந்துச்சே, அப்ப சொன்ன."

நான் அங்கேயே, ஈரத் தரையில் குந்திக்கொண்டு, ஒன்று விடாமல் கேட்டேன். அத்தனைக்கும் பதில் சொன்னாள். கீரைக்காரம்மா வந்தபோது சொன்னது, நீ தும்மினதுக்கு அப்புறம் சொன்னது, விசில் அடிச்சபோது சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் வைத்திருந்தாள். நான் நீக்கப் பார்த்த சத்தமெல்லாம் அவளுக்குப் பக்க எண்ணாக இருந்திருக்கிறது.

"அப்புறம் ஏண்டி எழுதல?"

மாட்டின் முதுகில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். "பேப்பர்ல பார்த்தா சத்தமே இல்லடி," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. மாடு எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்தோம். கேள்வியைக் கண்ணால் படிக்காமல், என் குரலில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்க வேண்டும். பழைய கேள்வித்தாள் ஒன்றை வைத்து முயன்றாள். உதடு அசைய அசைய விடைகள் வந்தன. "உன் குரல்ல கேட்டா கேள்விகூடத் திட்டற மாதிரியே இருக்குது," என்றாள்.

காலண்டர் செய்த வேலை

இனி அந்த சனிக்கிழமை. கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் புரட்டிவிடலாம் என்று நானும் நஸ்ரீனும் சாயங்காலமே கோமதி வீட்டுக்குப் போய்விட்டோம். வழியில் பாதை ஓரமாகத் தடுப்புக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பௌர்ணமி திங்கக்கிழமைதான? இப்பவே ரெடி பண்றாங்களே, கெட்டிக்காரங்க," என்று நான் பாராட்டினேன்.

காலண்டரில் திங்கட்கிழமைத் தாளில்தான் பௌர்ணமி போட்டிருந்தது. பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. நல்லவேளை, ஒருநாள் முந்தி என்று மாத ஆரம்பத்திலேயே சந்தோஷப்பட்டிருந்தோம். ஆனால் திதி ஞாயிறு காலையிலேயே பிறந்துவிடுகிறது. மலை சுற்ற வருகிற கூட்டத்துக்குத் திதிதான் முக்கியம், தாள் இல்லை. அதிலும் விடுமுறை நாள் என்றால் சனிக்கிழமையே கிளம்பி வந்துவிடுவார்கள். சுற்றும் நேரத்தை ஊர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள். உள்ளூரில் பிறந்து வளர்ந்த நாங்கள் ஒருவர்கூடப் படிக்கவில்லை. எங்களுக்குத்தான் பௌர்ணமியைப் பற்றி எல்லாம் தெரியுமே!

விடிந்து பார்த்தால் பாதை முழுக்கத் தலைகள். வண்டி எதையும் உள்ளே விடவில்லை. வெளிவட்டச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று ஏழுமலை கோமதியை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அங்கே கார்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. பைக் புகக்கூட இடமில்லை. திரும்பி வந்துவிட்டார்கள். அதில் அரை மணி நேரம் போயிற்று.

கூட்டத்தோடு நடந்தால் மலையை முக்கால்வாசி சுற்றிக்கொண்டு, டவுனைக் கடந்து போக வேண்டும். கேட் சாத்தின பிறகுதான் போய்ச் சேர முடியும். எதிர்த்திசையில் போனால் வேகமாக நடந்து பிடித்துவிடலாம்.

சாதாரண நாளில் அடி அண்ணாமலைக்காரர்கள் அந்தப் பாதையில் இரண்டு பக்கமும்தான் போய்வருகிறார்கள். யாரும் எதுவும் நினைப்பதில்லை. பௌர்ணமியன்று அப்படி இல்லை. அன்றைக்கு மலை வலது கைப்பக்கம்தான் இருக்க வேண்டும்.

கோமதிக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. இந்த வேலைக்காகவே வேண்டிக்கொண்டு, அரை வருஷமாக ஒவ்வொரு பௌர்ணமியும் தவறாமல் சுற்றியிருக்கிறாள்.

"இத்தினி நாள் சுத்துன சுத்தையெல்லாம் என் கையாலயே அவுக்கச் சொல்றியாடி?" என்றாள், தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு. கண்ணில் தண்ணீர் நின்றது.

செருப்பு

நான் திட்ட ஆரம்பித்தேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஏழுமலை பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். அவருக்கும் அந்த பயம் இருந்தது என்று நினைக்கிறேன்.

நஸ்ரீன் குனிந்து, கோமதி கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுத்தாள். அவள் காலடியில் ஜோடியாக வைத்தாள்.

"போட்டுக்கோக்கா."

"இன்னா பேசற நீ? பௌர்ணமி அன்னிக்கா?"

"செருப்பைக் கழட்டினாதானக்கா சுத்தறது? வேலைக்குப் போறவங்க, ஆஸ்பத்திரிக்குப் போறவங்கல்லாம் இதே ரோட்டுல செருப்பு போட்டுக்கினுதான போறாங்க? அதையெல்லாம் மலை கணக்குல வெச்சுக்குதா இன்னா? நீ செருப்பைப் போட்டுக்கோ. நீ சுத்தல, பரீட்சைக்குப் போற. அவ்ளோதான்."

கோமதி செருப்பைப் பார்த்தாள். ஏழுமலையைப் பார்த்தாள்.

"அது சரிதான்," என்றார் ஏழுமலை மெதுவாக. "நான் தெனம் பாலைத் தூக்கிக்கினு அந்தப் பக்கம்தான போறேன். போன மாசம் பௌர்ணமிக்குக்கூடப் போனேன். ஒண்ணும் ஆவலியே."

கோமதி கால்களை நுழைத்தாள்.

"நான் முன்னாடி போறேன்," என்றாள் நஸ்ரீன், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு. "எவனாச்சும் திட்டினா என்னைத் திட்டட்டும்."

நஸ்ரீன் முன்னால், கோமதி நடுவில், நான் கடைசியில். கட்டையைத் தாண்டிக் கூட்டத்துக்குள் இறங்கினோம்.

நான் ஜாதகத்தை நம்பாதவள், சகுனத்தைக் கேலி செய்பவள். அப்படிப்பட்ட எனக்கே முதல் நூறு அடிக்கு மலைப்பக்கம் பார்க்கத் துணிவு வரவில்லை. எதிரே வருகிற அத்தனை முகங்களும் நம்மையே பார்க்கின்றன. "எதிர்ல வராதீங்கம்மா!" "பாவத்தை ஏன் தேடிக்கிறீங்க?" "ஏ பொம்பள, கண்ணு தெரியல?" தோள்கள் இடித்தன. ஒரு தூக்குச் சட்டி என் முட்டியைப் பதம் பார்த்தது. நடுவில் நடந்தவளின் பின்னங்கழுத்து குனிந்துகொண்டே போவது எனக்குத் தெரிந்தது.

அப்போது எனக்கு ரோசம் வந்தது. கடையில் வரிசையை அடக்குகிற என் குரலை எடுத்தேன்.

"பரீட்சை! பரீட்சைக்குப் போறோம்! வழி விடுங்க!"

பக்கத்தில் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். நான் மறுபடி கத்தினேன். நஸ்ரீனும் சேர்ந்துகொண்டாள். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு கூட்டம், என்னவோ ஏதோ என்று நின்றது. கோமதியின் கையில் இருந்த ஹால் டிக்கெட்டை ஓர் அம்மா பார்த்துவிட்டு, "பரீக்ஷ! பரீக்ஷ!" என்று தன் ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள். அதற்கப்புறம் அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தது. நாங்கள் போய்ச் சேரும் முன்பே அங்கிருப்பவர்கள் ஒதுங்கி நின்றார்கள். "பரீட்சைக்குப் போற பொண்ணாம், விடுங்கப்பா." முன்பின் தெரியாத ஒரு பெரியவர் எட்டிக் கோமதியின் நெற்றியில் விபூதியை அப்பினார். ஓர் இளம்பெண், "ஆல் த பெஸ்ட்க்கா!" என்று கத்தினாள். நடுவில் நின்ற பெண் போலீஸ் விசிலை வாயில் வைத்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, எங்களுக்கு வழி விடச் சொல்லி அதை ஊதினார்.

குனிந்திருந்த கழுத்து நிமிர்ந்தது. நடை வேகமாயிற்று. என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"செல்வி!" என்று கோமதி திரும்பாமலே என்னைக் கூப்பிட்டாள். "நெருக்கடி நிலை மூணு வகை. ரெண்டு சொல்லிட்டேன். மூணாவது இன்னா?"

"நிதிடி! நிதி நெருக்கடி!" என்று மூச்சிரைக்கக் கத்தினேன். அரோகரா சத்தத்துக்கு நடுவில் நான் நிதி நெருக்கடி என்று கூவியதை அன்றைக்கு எத்தனை பேர் கேட்டார்களோ.

பள்ளிக்கூடத்தின் கேட்டில் ஒருவர் ஏற்கெனவே ஒரு பக்கக் கதவைச் சாத்திவிட்டு, மறுபக்கத்தில் கை வைத்திருந்தார். கோமதி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்றுகொண்டது. அதை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் கேட் மூடிக்கொண்டது. நஸ்ரீன் அந்த ஒற்றைச் செருப்பை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் அழுதுவிட்டேன். களைப்பினால் என்று அவளிடம் சொன்னேன்.

முதல் பக்கம்

எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். பைக்குள் கை விட்டால் நாவல் தட்டுப்பட்டது. அத்தனை களேபரத்திலும் அதைத் தோளில் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறேன். திறந்து முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

"மனசுக்குள்ளயே படிச்சா எப்படிக்கா? சத்தமா படி," என்றாள் நஸ்ரீன்.

படித்தேன். அந்த மாதத்தில் நான் எனக்காகப் படித்தது அந்தப் பத்துப் பதினைந்து பக்கம்தான். இளநீர்க்காரர் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் கோமதி ஒரு காலில் செருப்போடு வெளியே வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்க எங்களுக்கு பயம். அவளே சொன்னாள்.

"நிதிக்குழு பத்திக் கேட்டிருந்தாங்கடி. வாய்க்குள்ளயே படிச்சேன் பாரு, உன் குக்கர் விசில் அடிச்சுது. டக்குனு எழுதிட்டேன்." பிறகு, "ஒருசிலது வுட்டுட்டேன். கணக்குல கொஞ்சம் போச்சு. என்னால ஆனதை எழுதிட்டேன்," என்றாள்.

நஸ்ரீன் ஒற்றைச் செருப்பை நீட்டினாள். கோமதி அதை வாங்கினாள். காலில் இருந்ததையும் கழற்றி, இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து அடி அண்ணாமலைக்குப் போகிற திசை, கூட்டம் போகிற அதே திசை. மலை வலது கைப்பக்கம் வந்துவிட்டது.

"வெயிலைப் பாரு, கால் வெந்துடும்டி," என்றேன்.

"வேவட்டும். போனது கணக்கு இல்ல. வர்றது கணக்கு."

நிழலும் ஈரமும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தாள். நாங்கள் இருவரும் செருப்போடு இரண்டு பக்கமும் நடந்தோம். பாதி தூரம் போன பிறகு, யாரிடமும் சொல்லாததுபோல மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஓசூர் போவலடி நான்."

"ரிசல்ட் வரட்டுமேடி."

"வரட்டும், வராமப் போகட்டும். இல்லன்னா அடுத்ததுக்கு எழுதறேன். இவ்ளோ ஜனத்துக்கு எதிர்ல நடந்து வந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு, அவங்க அண்ணன், ரெண்டே பேரு. அவங்களுக்கு எதிர்ல நின்னு வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டனா?"

நான் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அவளோடு நடந்தேன்.

வீட்டு வாசலில் ஏழுமலை நின்றிருந்தார். கோமதி செம்பில் தண்ணீர் வாங்கிக் காலைக் கழுவிக்கொண்டே அதே வார்த்தைகளை அவரிடமும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சரி என்கிறாரா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை.

கிளம்பும்போது கோமதி என் பையைத் தட்டினாள். "மரத்தடியில படிச்சீங்களாமே ஒரு கதை. நஸ்ரீன் சொன்னா. அதைப் படிச்சி அனுப்பு."

"அது பரீட்சைக்கு இல்லடி."

"இல்லன்னா இன்னா? கறக்கும்போது காது சும்மா இருந்தா எனக்கு என்னவோ மாதிரி இருக்குது."

திங்கட்கிழமை விடியற்காலையில் முதல் அத்தியாயத்தைப் படித்து அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, கோமதியின் போனிலிருந்து பதில் வந்தது. அமுக்கினால் கேட்டது ஏழுமலையின் குரல். பின்னணியில் பால் செம்பில் இறங்குகிற சத்தம்.

"செல்விக்கா, நேத்து சாயங்காலமே அண்ணன்கிட்ட போன்ல சொல்லிட்டேன். நாங்க வரல, வேற ஆளு பார்த்துக்கோன்னு. கொஞ்சம் கத்தினாரு. கத்தட்டும். மாட்டையும் விக்கல." ஒரு மாடு கத்துவது கேட்டது. பிறகு, "அந்தக் கதையில அந்த அம்மா கதவைத் தொறந்துச்சா இல்லியா? அங்கயே நிறுத்திட்டீங்களே. அடுத்ததை அனுப்புங்க."

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, புத்தகத்தைத் திறந்தேன்.